கேட்டு வரைக்கும்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த சொத்து மோட்டார் சைக்கிள் மட்டும்தான். வீடு எஸ்டேட்டுடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பாட்டி மரவள்ளியும் முருங்கையும் வைத்திருந்த துண்டு நிலமும் எஸ்டேட்டுடையதுதான். கொஞ்சம் நகை இருந்தது, ஆனால் அது வீட்டில் இருந்த நாட்களைவிட தெலுக் இந்தான் அடகுக்கடையில் இருந்த நாட்கள்தான் அதிகம் என்று பாட்டியே சொல்லிச் சிரிப்பார். தாத்தா தன் பெயர் போட்டு, அரசாங்க முத்திரை குத்தி வைத்திருந்த ஒரே சொத்துப் பத்திரம் 1978ல் தவணையில் வாங்கிய ஹோண்டா சி70இன் கிராண்ட். பிறப்புப் பத்திரங்களோடு மைலோ டின்னுக்குள் அதையும் வைத்திருந்தார்.

அப்பா இன்னும் சில மாதங்களில் வேலை ஓய்வு பெறுகிறார். அவருடைய இஎக்ஸ்5ஐ அத்தையின் இரண்டு பையன்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. மூத்தவனுக்குப் பதினேழு, சின்னவனுக்குப் பதினைந்து. கேட்பது அத்தை. மறுப்பது அப்பா. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். வீட்டில் நான்தான் இயந்திரவியல் படித்தவனாம், அதனால் நான் சொன்னால் சரியாக இருக்குமாம். பல்கலைக்கழகத்தில் இதற்கெல்லாம் பாடம் எடுக்கவில்லை.

யோசிக்க யோசிக்க, இது எங்கள் வீட்டுப் பிரச்சனை மட்டுமல்ல என்று பட்டது. பாகான் டத்தோவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படி ஒரு மோட்டார் இருக்கும். அதை எந்த வயதில் யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று ஒரு கதையும் இருக்கும். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

முதலில் வண்டி. ஹோண்டா சூப்பர் கப் 1958ல் ஜப்பானில் வந்தது. 49 சிசி, நான்கு வீச்சு இயந்திரம். ஹோண்டா சோய்ச்சிரோ இயந்திரத்தைச் செய்தார் என்றால், எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவருடைய கூட்டாளி புஜிசாவா தக்கேயோ. நூடல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது அவர் கேட்டது என்பார்கள். அதனால் இடது கையில் கிளட்ச் பிடி கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளட்ச் தானாக விடுபட்டுத் தானாகப் பிடித்துக்கொள்ளும். பாவாடை, சாரோங், கைலி எது கட்டியிருந்தாலும் காலைத் தூக்காமல் ஏறி உட்காரலாம்.

பினாங்கில் பஸ் கழுவி, பழுது பார்த்துப் பிழைக்கத் தொடங்கி முதலாளியானவர் லோ பூன் சியூ. எழுதப் படிக்கத் தெரியாதவர். அதே 1958ல் அவர் ஹோண்டாவின் மலாயா விநியோகஸ்தர் ஆனார். இங்கே வந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் 'கப்சாய்'. 'கப்' ஹோண்டாவுடையது. 'சாய்' கேண்டனீஸில் குட்டி, சின்னப் பையன். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சொல்லும் சொல்லாக அது ஆகிவிட்டது. 2017ல் உலகம் முழுக்க இந்த வகை வண்டியின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

கிளட்ச் இல்லாததை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கிளட்ச் உள்ள மோட்டாரைப் பழக நாளாகும். ஐந்து தடவை அணைந்துபோகும், பத்து தடவை குதிக்கும். அந்தத் தொல்லையே ஒரு காவல்காரன் மாதிரி. பன்னிரண்டு வயதுப் பையன் அதைத் தாண்டி வர முடியாது. கப்சாய் அந்தக் காவல்காரனை நீக்கிவிட்டது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் கப்சாய் ஓட்டிவிடலாம். இன்னொன்று, அது சாகாது. எண்ணெய் மாற்றி, சங்கிலியை இழுத்து வைத்தால் முப்பது வருஷம் ஓடும். உதிரிப் பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். வாங்கியவனின் பிள்ளை வளர்ந்து நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அது. தலைமுறைக்கும் கைமாறுவது வேறு எப்படி நடக்கும்?

சரி, தேவை எங்கிருந்து வந்தது? இதற்குப் பள்ளிக்கூடத்தின் கதையைப் பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் எஸ்டேட் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்பது வேறு கதை. ஆனால் அது லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. பதினான்கு வயதுக்குமேல் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்விக்கே இடமில்லை. வெட்டுக்குப் போகும்.

1960களின் நடுவில் அது மாறியது. இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டது. ஆறாம் ஆண்டு முடித்த எந்தப் பிள்ளையும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றானது. நல்ல மாற்றம்தான், அதனால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தமிழ்ப்பள்ளி லயத்துப் பக்கத்தில், இடைநிலைப்பள்ளி டவுனில். ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் என்று பத்து, இருபது, முப்பது கிலோமீட்டர். பள்ளியை வைக்கச் சொன்ன பழைய சட்டத்துக்குப் பதில், பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லும் சட்டம் எதுவும் வரவில்லை. இதில் தமிழ்ப்பள்ளி மாணவருக்குப் புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷம் கூடுதல். மற்றவர் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தில் இருந்தால், எஸ்டேட் பையன் பதினாறில் இருப்பான். மோட்டார் லைசென்ஸ் எடுக்கும் வயது அவனுக்கு மூன்றாம் படிவத்திலேயே வந்துவிடும்.

எங்கள் வட்டாரத்தில் ரயிலே ஓடும் எஸ்டேட் ஒன்று உண்டு. டென்மார்க்கிலிருந்து வந்த பொறியாளர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் 1906ல் தொடங்கிய ஜெண்டராத்தா. எழுத்தாளர் கரேன் பிளிக்சன் இவருடைய அக்கா மகள். அவர் கென்யாவில் நடத்திய காப்பித் தோட்டத்திலும் இந்த மாமாவின் பணம் இருந்தது. ஜெண்டராத்தாவின் சின்ன ரயில் இன்றும் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்கிறது. சின்ன வயதில் அதைப் பார்த்துதான் எனக்குப் பொறியியல் ஆசை வந்தது என்று நேர்முகத் தேர்வுகளில் சொல்லியிருக்கிறேன். உண்மையும்கூட. ஆனால் அந்தத் தண்டவாளம் ஆலைக்குப் போகும், இடைநிலைப்பள்ளிக்குப் போகாது. எங்கள் எஸ்டேட்டில் அதுவும் இல்லை. தென்னையும் செம்பனையும், நடுவில் செம்மண் சாலையும், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் வாய்க்காலும்தான்.

அந்தச் செம்மண் சாலையில்தான் எல்லாரும் ஓட்டப் பழகினோம். தாத்தா அப்பாவுக்கு, அப்பா எனக்கு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. விதி ஒன்றே ஒன்று: "கேட்டு வரைக்கும்தான்." கேட்டுக்கு வெளியே டார் ரோடு. அங்கே காலே வைக்கக்கூடாது. ஒரு பையன் பெரியவனாகிவிட்டான் என்பதற்கு எங்கள் லயத்தில் அடையாளம் மீசை அல்ல, அவன் மோட்டாரில் கேட்டைத் தாண்டுவதுதான்.

கேட்டுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1948ல் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்த பிறகு, பல எஸ்டேட்டுகளில் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று வாசலில் சோதனை. சைக்கிள் டியூபுக்குள் அரிசியை நிரப்பிக் கொண்டுபோன ஆட்கள் உண்டு என்று தாத்தா சொல்வார். அவசரகாலம் 1960ல் முடிந்தது. வேலி துருப்பிடித்து விழுந்தது. கேட்டு மட்டும் நின்றது. துரைக்கும் அது தேவைப்பட்டது. யார் வருகிறார், யார் போகிறார், தொழிற்சங்க ஆள் எப்போது நுழைந்தான் என்று தெரிய வேண்டுமே.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, தொழிற்சாலை வளாகத்துக்குள் ஓடும் வண்டிகளுக்கான பாதுகாப்பு விதிகளை எழுதச் சொன்னார்கள். அதற்காக 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை முழுக்கப் படித்தேன். 39ஆவது பிரிவு நேரானது. பதினாறு வயதுக்குக் கீழே யாரும் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. பதினேழுக்குக் கீழே மோட்டார் சைக்கிளும் உடற்குறையுள்ளவர்களுக்கான வண்டியும் தவிர வேறு ஓட்டக்கூடாது. 26ஆவது பிரிவு, லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுவதோடு, அவனை ஓட்ட விடுவதும் குற்றம் என்கிறது. இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான். என்னை நிறுத்தியது 'சாலை' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம். பொதுச் சாலை, பொதுமக்கள் நுழையக்கூடிய வேறு சாலை, பாலம், சுரங்கம் என்று அடுக்கிக்கொண்டே போய், தனியார் வைத்துப் பராமரிக்கும் தனியார் சாலை இதில் சேராது என்று முடிக்கிறது.

அதாவது எங்கள் செம்மண் சாலை சட்டத்தின் கண்ணில் சாலையே இல்லை.

தாத்தா இந்தச் சட்டத்தைப் படித்திருக்க வழியில்லை. ஆனால் அவர் விதித்த எல்லையும் சட்டம் விதித்த எல்லையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. போலீஸ் உள்ளே வராது, லாரி வேகமாக வராது, எதிரில் வருபவர் யார் மகன் என்றுகூடத் தெரியும். முப்பதுக்குமேல் முடுக்கினால் செம்மண்ணே சறுக்கிவிட்டுப் பாடம் சொல்லும். அங்கே ஒரு பையனின் கையில் மோட்டாரைக் கொடுப்பதில் பெரிய முடிவு எதுவும் இல்லை. முடிவு கேட்டில்தான் இருந்தது.

சித்தப்பா 1992ல் அந்தக் கேட்டைத் தாண்டினார். வயது பதினைந்து. அத்தைக்குப் பதினெட்டு, ஐந்தாம் படிவம், மேற்சொன்ன கூடுதல் வருஷத்தின் கணக்கு. அன்றைக்கு எஸ்.பி.எம். கூடுதல் வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் வந்தார். பஸ் நிற்கும் இடம் எஸ்டேட் கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். தாத்தா இரவுக் காவலுக்குப் போய்விட்டார், அப்பா ஆலையில். "போய் அக்காவக் கூட்டியா" என்று பாட்டி அனுப்பினார். கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குத் தூரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ரோட்டின் அகலம்தான். சட்டப்படி அவர் தன் வாழ்நாளில் மோட்டார் ஓட்டிய சாலை அவ்வளவே. குலை லாரி ஒன்று தெலுக் இந்தான் பக்கமிருந்து வந்தது.

அப்போதைய சி70க்கு 6 வோல்ட் மின்சாரம். முன்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராது. இயந்திரம் சுற்றும் வேகத்தில் உண்டாவது நேராக விளக்குக்குப் போகும். முடுக்கினால் வெளிச்சம், முடுக்கை விட்டால் திரிவிளக்கு. கேட்டில் வந்து, இரண்டு பக்கமும் பார்க்க வண்டியை மெதுவாக்கும் ஒரு பையனின் விளக்கு, அவன் நிதானமாக இருந்ததாலேயே அணையப் பார்க்கும். லாரிக்காரர் பார்க்கவில்லை என்று சொன்னாராம். நான் அதை நம்புகிறேன். மோட்டார்கள் பகலிலும் முன்விளக்கைப் போட வேண்டும் என்ற விதி வந்ததும் அதே 1992ல்தான், செப்டம்பரில். எங்கள் கேட்டு முனையில் தெருவிளக்கு வர இன்னும் சில வருஷம் ஆனது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். வண்டியைப் பட்டறையில் கொடுத்து முன் ஃபோர்க்கை நிமிர்த்தினார்கள். விளக்கை மாற்றினார்கள். அப்பா அதே மோட்டாரில் இன்னும் ஆறு வருஷம் வேலைக்குப் போனார். 1998ல், நான் பிறந்த வருஷம், இஎக்ஸ்5 வாங்கும் வரைக்கும். எப்படி ஓட்டினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வேற எதுல போறது?" என்றார். விற்கவும் யாருக்கும் மனமில்லை. தாத்தா இறந்து பதினைந்து வருஷமாகிறது. சி70 இன்னும் அவர் பெயரிலேயே வீட்டுப் பின்புறம் நிற்கிறது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் அமானா ராயாவுக்குப் போய், வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுப் பட்டியல் எழுதும்போது சித்தப்பாவின் பெயரை எழுதி, இறந்தவர் என்று குறிக்க வேண்டும். அதற்காகவே யாரும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்குமேல் சாலையில் இறக்கிறார்கள். அதில் பாதிக்கும் அதிகமானவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களில் விடியற்காலை சாலைக்கு வந்த எட்டுப் பையன்கள் கார் மோதி இறந்தபோது நாடே கேட்டது: பெற்றோர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கேட்பது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பதில் தெரியும். இரவுக் காவல், ஆலை, சிங்கப்பூர். அத்தையின் கணவர் இப்போது சிங்கப்பூரில்தான் இருக்கிறார். அத்தை உணவகச் சமையலறையில், விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை.

பாகான் டத்தோ 2017ல் பேராவின் பன்னிரண்டாவது மாவட்டமானது. அலுவலகங்கள் வந்தன, வளைவுகள் வந்தன. பஸ் மட்டும் முன்னைவிடக் குறைந்துவிட்டது. பெரிய மருத்துவமனை என்றால் இன்றும் தெலுக் இந்தான்.

போன மாதம் அத்தையிடம் நேராகவே கேட்டேன். உங்களுக்குப் பயமில்லையா, நீங்களே கேக்கறீங்களே?

"பஸ்ஸுக்காக அங்க நின்னவ நான்தான்டா. பஸ்ஸு வீட்டாண்ட நின்னுருந்தா அவன் ஏன் வரப் போறான்?" என்றார். பிறகு, "இவனுங்களுக்கு நான் குடுக்கலன்னா கூட்டாளி மோட்டார்ல பின்னாடி உக்காந்து போவானுங்க. ஓட்டறவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

அப்பா பிடிவாதமாக இருந்தார். பதினெட்டு ஆகட்டும் என்றார், பிறகு இருபத்தொன்று என்றார். வயதை ஏற்றிக்கொண்டே போனால் கேள்வி தீர்ந்துவிடும் என்பது போல. எனக்கு அத்தை சொன்னதில்தான் நியாயம் தெரிந்தது, ஆனால் முழுக்க அல்ல. மூத்தவனுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பி2 லைசென்ஸ் எடுத்தால் அவன் ஓட்டலாம். சின்னவனுக்கு இடமில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வண்டி கொடுத்தால், ஒருநாள் மூத்தவன் தூங்கும்போது சின்னவன் எடுப்பான். அவன் எங்காவது இடித்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கும். அது பணக் கணக்கு. மற்ற கணக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே முடிவு இப்படி. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வண்டி மூத்தவன் பெயருக்கு மாறும், இரண்டு பேருக்கும் பொதுவாக அல்ல. அப்பாவும் அவனும் ஜே.பி.ஜே. கவுண்டரில் பெருவிரல் வைக்கும் வரை சாவி அப்பாவிடம். அதற்குள் நான் முன்விளக்கை பேட்டரியோடு இணைத்துத் தருகிறேன். இஎக்ஸ்5 12 வோல்ட்தான் என்றாலும், பழையவற்றில் முடுக்கை விட்டால் விளக்கு மங்குவது அப்படியே இருக்கிறது. முன் சக்கரத்து டிரம் பிரேக்கையும் புதிதாகப் போடுகிறேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதைப் பையன்களுக்குச் சொன்னேன். சின்னவன் அதை உடனே கணக்குப் போட்டுக் காட்டினான். அவன் இயற்பியலில் கெட்டிக்காரன், அதுவே எனக்குக் கவலை. அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் பஸ், நான் ஊருக்கு வரும் நாட்களில் என் கார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

கேட்டுப் பிரச்சனை மட்டும் தீரவில்லை. 2012ல் லயத்தைக் காலி செய்து தாமானுக்கு வந்தோம். தாமான் வாசலைத் தாண்டினால் நேராக டார் ரோடு. பழகுவதற்கு நடுவில் ஒரு செம்மண் சாலை கிடையாது. லைசென்ஸ் பள்ளியில் கூம்புகளுக்கு நடுவே வளைந்து, குறுகிய பலகைமேல் விழாமல் ஓட்டச் சொல்லித் தருகிறார்கள். எதிரே குலை லாரி வரும்போது எங்கே பார்ப்பது என்று அந்தப் பலகை சொல்லித் தராது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பழைய எஸ்டேட்டுக்குப் போனேன். நான் பழகிய சாலையிலேயே அவனும் பழகட்டும் என்று.

கேட்டில் புதுச் சங்கிலி. காவலுக்கு இருந்தவர் நேபாளத்துக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே போக ஆபீசில் பாஸ் வாங்க வேண்டுமாம், வெளியாளுக்குத் தருவதில்லையாம். என் தாத்தா இங்கே முப்பத்தாறு வருஷம் வேலை செய்தார் என்று மலாயில் சொன்னேன். தலையை ஆட்டினார். மூத்தவன் இறங்கி நின்று, சங்கிலிக்கு அந்தப் பக்கம் நேராகப் போகும் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், இங்க ஓட்ட லைசென்ஸே வேணாம்ல?" என்று கேட்டான்.

வேணாம் என்றேன். வண்டியைத் திருப்பி, இரண்டு பக்கமும் பார்த்து, லாரி போகும் வரை காத்திருந்து ரோட்டில் ஏறினோம். டெஸ்ட் அடுத்த மாதம்.